இருபதாவது பை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் மனைவிக்கு வாந்தி நின்றதா? ஐந்தாம் மாதத்தில் பசி எடுக்க ஆரம்பிக்கும். கேட்டதை வாங்கிக் கொடு, கணக்குப் பார்க்காதே.

இங்கே செல்போன் டவர் இன்னும் வரவில்லை. "இதோ வருது, அதோ வருது"ன்னு சூளை முதலாளி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் செவ்வாய்க்கிழமை மருந்து வண்டியே கதி. உன் தலைமை அலுவலகத்துக்குப் போகிற படிவக் கட்டோடு இதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் அறிவித்திருக்கும் 'வீடுதோறும் நலம்' திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். தன்னார்வலர்களுக்கு மூன்று நாள் பயிற்சி, ஆளுக்கொரு பை, படப்புத்தகம், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், எடை பார்க்கும் தராசு என்று போட்டிருக்கிறீர்கள். இந்தச் செங்கல் சூளைக் குடியிருப்பில் நான்கு வரிசை வீடுகளுக்கும் ஒரே நர்ஸ் நான்தான். போன மழையில் கீழ் வரிசையில் மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. மூன்றாவது குழந்தையிடம் நான் போய்ச் சேரும்போது கண் குழிக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பொட்டலமும் அதைக் கலக்கத் தெரிந்த ஒருத்தியும் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இந்த வருடம் ஒன்றைக்கூட விடுவதாக இல்லை.

உங்கள் விதியில் ஒரு குழுவுக்கு இருபது பேர் வேண்டுமாம். கெஞ்சியும் மிரட்டியும் பத்தொன்பது பெண்களைப் பிடித்துவிட்டேன். இருபதாவது ஆள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பத்தொன்பது பேரை வைத்து நடத்த முடியுமா? தாமதிக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். வாந்தி நின்றுவிட்டது, இப்போது என் பங்கையும் அவளே சாப்பிடுகிறாள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்ப்பதற்குத்தான், பெட்டியில் பூட்டி வைப்பதற்கு இல்லை.

மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "இருபதுன்னா இருபதுதான் தம்பி. ஒண்ணு குறைஞ்சா கம்ப்யூட்டரே எடுத்துக்காது" என்று கையை விரித்துவிட்டார்.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. இருபதாவது வரியில் யாராவது ஒருத்தர் பெயரை எழுதிவிடு. இங்கே எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் யாரும் பார்ப்பதில்லை. பாதிக் குழுக்கள் இப்படித்தான் நிரம்புகின்றன. ஒரு பெயர்தானே அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தைலம் தேய்த்தேன். முழங்கால் வலி குறையவில்லை, வாசனை மட்டும் வரிசை முழுக்கப் பரவியது.

பயிற்சி நல்லபடியாக முடிந்தது. மண் பிசைந்து பிசைந்து தழும்பேறிய கைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து காட்ட ஒரு நாள் போனது. அதற்குப் பிறகு எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களில் 'ரேடியோ' என்று ஒருத்தி இருக்கிறாள். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் அவளுக்கு. கை கழுவுவதைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் தப்பிக்கவாவது எழுந்து போய்க் கை கழுவுகிறார்கள்.

நீலப் பைகள் இருபதும் எண் போட்டு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வருகை நோட்டு. தேதி, வீடு, சொன்ன விஷயம், வீட்டுக்காரர் கையெழுத்து என்று நான்கு கட்டம். பத்தொன்பது பையைக் கொடுத்துவிட்டேன். இருபதாவதை என் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நீ சொன்னபடி அந்த வரியை நிரப்பிவிட்டேன்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது.

உன் பட்டியல் என் மேசைக்குத்தான் வந்தது. இருபதாவது வரியைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். நம் வாலுவின் பெயர். பள்ளியில் கொடுத்த முழுப் பெயர், முதலெழுத்தோடு. வயது பத்தொன்பது என்று போட்டிருக்கிறாய். இருந்திருந்தால் இந்த வருடம் பத்தொன்பதுதான். உன் மகள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது என்பது எனக்கு மட்டும் மறந்துவிடுமா?

யாரோ ஒருத்தர் பெயரைப் போடச் சொன்னால் இந்தப் பெயரை ஏன் போட்டாய் அக்கா? கோபமாகக் கேட்கவில்லை. மனசு கேட்காமல் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் மனைவிக்கு நாள் நெருங்குகிறது, தனியாக விடாதே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

போன வாரம் கீழ் வரிசை எட்டாம் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்குக் கரைசல் கொடுத்துக்கொண்டிருந்தாள் தாய். அளவு சரி, கொதித்து ஆறிய தண்ணீர், டம்ளரை மூடி வைத்திருந்தாள். அந்த வீடு ரேடியோவின் பொறுப்பு. "பரவாயில்லையே, ரேடியோ நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கா" என்றேன்.

"ரேடியோக்கா இல்லைங்க. அந்தச் சின்னப் பொண்ணு. இருபதுன்னு பையில போட்டிருந்துச்சே."

"எந்தப் பொண்ணு?"

"உள்ள வந்து உக்காருன்னேன், மாட்டேன்னுட்டா. வாசல்லயே நின்னு எல்லாம் சொன்னா. கையெழுத்து வாங்கிட்டுப் போனா. கொஞ்சம் வாயாடி."

அறைக்குத் திரும்பி ஆணியில் இருந்த பையை எடுத்தேன். அடியில் சூளை மண், சிவப்பாக, அப்பொழுதுதான் ஒட்டியது போல ஈரமாக இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் எட்டாம் வீடு. அந்தத் தாய் கோணல் மாணலாகப் போடும் கையெழுத்தும் இருந்தது. எழுத்தெல்லாம் இடமிருந்து வலமாக லேசாகத் தீற்றியிருந்தது. இடது கைக்காரர்கள் எழுதினால் கை மையை இழுத்துக்கொண்டே போகுமே, அப்படி.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நீ அத்தையாகிவிட்டாய்! பத்தாம் தேதி பெண் குழந்தை, மூன்று கிலோ. தாயும் சேயும் நலம். அழுகிற குரலைக் கேட்டால் உன் ரேடியோவுக்குப் போட்டி வந்துவிட்டது என்பாய்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். உன் பத்தொன்பது பேரில் யாரோ அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகிறாள். உன் கதவில் தாழ்ப்பாளே கிடையாது என்பது குடியிருப்புக்கே தெரியும். இடது கைக்காரர்கள் ஊரில் ஒருத்தர்தானா? நீ சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வா. மருமகளைத் தூக்கி வைத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும்.

இவளும் "அண்ணி எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி

ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

என் மருமகளுக்கு அத்தையின் முத்தம். பால் போதுகிறதா? பால்பொடி கொடுப்பதாக இருந்தால் பாட்டிலைக் கொதிக்க வைத்துக் கழுவச் சொல்.

மழை பிடித்துவிட்டது. வர முடியாது. கீழ் வரிசையில் சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றாகிவிட்டன.

உன் சந்தேகத்தைத் தீர்க்கப் பையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மறுநாள் காலையில் திறந்தால் பையில் புது மண், நோட்டில் புது வரி. பத்தொன்பது பெண்களையும் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்திகூட இடது கை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதலில் வீட்டு எண்தான் நோட்டில் வருகிறது. தேதி இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டிருக்கும், கையெழுத்துக் கட்டம் காலி. அந்தத் தேதியில் அந்த வீட்டு வாசலில் அவள் நிற்கிறாள். அதற்கு மறுநாள் அந்த வீட்டில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் படுக்கிறது. இதுவரை ஏழு வீடு, ஒன்றில்கூட நோட்டின் கணக்குத் தவறவில்லை. நான் அவளைப் பார்த்ததில்லை. அந்தத் தேதியில் போய்க் காத்திருந்தும் பார்த்தேன். "இப்பத்தான் போறா, எதிர்ல வரலையா?" என்கிறார்கள்.

இப்பொழுதெல்லாம் காலையில் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஏழு குழந்தைகளும் பிழைத்துவிட்டன. எனக்குப் பயமாக இல்லை தம்பி. பயமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் இல்லை.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். பால் போதவில்லை, பால்பொடிதான் கொடுக்கிறோம். நன்றாகக் குடிக்கிறாள்.

இங்கே ஒரு தலைவலி. நிதி கொடுக்கிறவர்கள் இந்த வருடம் புதிதாக ஒரு சரிபார்ப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரின் புகைப்படமும் கையெழுத்தும் வேண்டுமாம். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி பட்டியல் மேலே போகிறது. இல்லாத ஆள் இருந்தால் குழுவையே ரத்து செய்வார்கள். உன் குடியிருப்புக்கு அடுத்த வருடம் ஒரு பொட்டலம்கூட வராது. என் வேலையும் போய்விடும். 'குடிபெயர்ந்தார்' என்று எழுதி அந்தப் பெயரை அடித்துவிட்டால் பிரச்சினை இல்லை, நடுவில் ஒருத்தர் குறைந்தால் ஏற்றுக்கொள்வார்கள், பத்தொன்பது பேருக்குத் தொடர்ந்து வரும்.

நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. வண்டி வருகிறது, படிவக் கட்டு வருகிறது, உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன் மௌனம் எனக்குப் புரிகிறது. இரண்டு வருடமாக நான் எழுதாத ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன். அந்த மார்ச்சில், ஆறு நாள் மேற்பயிற்சிக்கு உன் பெயரைப் போட்டவன் நான். நீ வர மறுத்தாய். 'வாலுவுக்கு வயிறு சரியில்லை, விட்டுவிட்டு வர மனசில்லை' என்று எழுதினாய். 'வயிற்று வலிக்கெல்லாம் வாய்ப்பை விடாதே, பதினேழு வயசுப் பெண், பார்த்துக்கொள்வாள்' என்று பதில் எழுதியவனும் நான்தான். நீ சான்றிதழோடு திரும்பி வந்தாய். உன் பையில் நான்கு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. வீட்டுச் சுவர் முழுக்க எங்கள் அலுவலகம் அச்சடித்த சுவரொட்டிகள், வீட்டில் ஒரு பொட்டலம் இல்லை.

நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படம் ஒன்றுகூட என் வீட்டில் கிடையாது. பார்க்கத் தைரியமில்லாமல் நான்தான் வைக்கவில்லை.

அக்கா, இருபத்திரண்டாம் தேதி காலையில் அந்தப் பெயரை நான் அடித்தாக வேண்டும். என்னை மன்னித்துவிடு.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

மற்றதெல்லாம் அப்புறம். இன்று காலை நோட்டில் புது வரி. குடியிருப்பு எண் இல்லை. உன் வீடு. தெரு, மூன்றாம் மாடி, பச்சைக் கதவு எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தக் கதவுக்கு நீ பச்சை அடித்ததை எனக்கு எழுதவே இல்லையே? தேதி ஆகஸ்ட் 22. சொன்ன விஷயம் என்ற கட்டத்தில் 'மாடித் தொட்டி' என்று மட்டும் இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வை. குழந்தையை விட்டு நகராதே. வண்டி ஓட்டுநரின் கையில் கொடுத்து, இதை நேரே உன் வீட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வழியில் பாலம் மூழ்கியிருக்கிறதாம்.

பெயரை அடிக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதிதான் வந்தது. பயப்படாதே, குழந்தை நலம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, அலுவலகத்தில், சிவப்புப் பென்சிலால் பெயரை அடித்தேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இவள் சொன்னாள்:

"உங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு மத்தியானம் வந்துச்சுங்க, நீலப் பையை மாட்டிக்கிட்டு. உள்ள வாம்மான்னா வரல. மாடித் தொட்டியைப் போய்ப் பாருங்க, கொதிக்க வைக்காத தண்ணியில பால்பொடி கலக்காதீங்க அத்தைன்னா. பாவம், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவா போல. நாலு பொட்டலம் குடுத்தா. நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டா. இடது கைக்காரி."

"வேற என்ன சொன்னா?"

"பேரை அடிச்சதுல கோபம் இல்லைன்னு மாமாகிட்ட சொல்லிடுங்கன்னா. எந்த மாமா, என்ன பேருன்னு கேக்கறதுக்குள்ள படி இறங்கிட்டா."

அக்கா, எங்கள் கல்யாணம் நடந்தது போன வருடம். இவள் வாலுவைப் பார்த்ததே இல்லை. வாசலில் இரண்டு கால் தடம், சிவப்பு மண். இந்த நகரத்தில் எங்கே இருக்கிறது அந்த மண்? மாடிக்கு ஓடினேன். தொட்டியின் மூடி நகர்ந்து, உள்ளே எலி செத்துக் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் குழந்தைக்கு ஆரம்பித்தது. முந்தின நாள் காலையில், அந்தப் பெண் வருவதற்கு முன்பே கொடுத்த பால்பொடி தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்தப் பொட்டலத்தைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "நல்ல நேரத்துல குடுத்தீங்க. ஒரு மணி நேரம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டாள்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

பெயரை அடித்தாகிவிட்டது, பட்டியலும் மேலே போய்விட்டது. என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது. நோட்டைப் பார். இவள் கையெழுத்து அதில் இருக்கிறதா? எழுது அக்கா.

தம்பி

செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

குழந்தை நலம் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு இன்னும் ஒரு வாரம் அளவாகவே பால் கொடுங்கள். உன் மனைவியிடம் அண்ணி விசாரித்ததாகச் சொல்.

கையெழுத்து இருக்கிறது. நீல மையில், அழகான எழுத்து.

நீ ஆகஸ்டில் எழுதியதை நான் படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். கோபம் இருந்தது தம்பி. இந்த இரண்டு வருடமும் இருந்தது. ஆனால் கிளம்பிப் போனது என் கால்தான். பையை எடுத்து மாட்டிக்கொண்டதும் என் தோள்தான். அவளே விட்டுவிட்டபோது நான் எதைப் பிடித்து வைத்துக்கொள்வது?

பட்டியலைப் பற்றிக் கவலைப்படாதே. பெயரை அடித்த பிறகுதானே உன் வீட்டுக்கு வந்தாள்? கீழ் வரிசையில் இந்த மழைக்கு ஒரு குழந்தையும் போகவில்லை. மழையும் விட்டுவிட்டது. ரேடியோவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன், தராசு, பதிவேடு, மருந்து அலமாரிச் சாவி எல்லாம் அவளிடம்தான். அவளைப் பெரிய பயிற்சிக்கு அனுப்பு. கெட்டிக்காரி. அவள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும் அனுப்பாதே.

நோட்டில் இன்று காலை ஒரு வரி வந்திருக்கிறது. கடைசிப் பக்கம், கடைசி வரி. வீடு என்ற கட்டத்தில் என் அறை. தேதி நாளை. கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

நாளை நான் எங்கேயும் போகப் போவதில்லை. கதவைத் திறந்து வைத்து, பேனாவோடு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் வீட்டுக்குள் அவள் வரவில்லை. இது அவள் வீடு, உள்ளே வருவாள்.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். என்னிடம் இருந்த பொட்டலங்களை எல்லாம் கீழ் வரிசைக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே இப்போது ஒன்றுகூட இல்லை. அவள் கொண்டு வருவாள்.

அக்கா